அத்தா போட்ட கோடு

 

மதரஸாவில் பாடம் சொல்லித் தரும் ஒருவன் விளையாட்டு விமானத்தைப் பற்றி எழுத வந்துவிட்டானே என்று நீங்கள் வியப்படையலாம். வியப்பு நியாயமானதுதான். கல்லூரியில் நான் படித்தது வரலாறு. இயந்திரங்களுக்கும் எனக்கும் இருந்த உறவு, ஒளுச் செய்யும் ஹவுளுக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரின் சுவிட்சைப் போடுவதோடு முடிந்துவிடும். ஆயினும் 2025ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில், ஒரு சிறு விமானத்தின் எண்ணெய் எஞ்சினைக் கழற்றிவிட்டு அதில் மின்சார மோட்டாரைப் பொருத்தும் வேலையில் இறங்கினேன். அதில் நான் கற்றது சிறிது. கற்க மறுத்துப் பட்டது பெரிது. அந்தப் பாடம் பிள்ளைகள் உள்ள எல்லா வீடுகளுக்கும் பயன்படும் என்பதால்தான் உங்கள் முன் வைக்கிறேன்.

அந்த விமானம் என் மச்சானுடையது. என் அக்காளின் கணவரான அவர் வளைகுடா நாடொன்றில் கனரக வாகனம் ஓட்டிப் பிழைத்தவர். ஒரு வெள்ளிக்கிழமை மாலை, ஊருக்கு வெளியே பாலைவெளியில் சிலர் ரேடியோவால் இயக்கும் விமானங்களைப் பறக்கவிடுவதைக் கண்டிருக்கிறார். அந்த ஆசை அவரை விடவில்லை. அடுத்த விடுமுறைக்கு வரும்போது அத்தர், துணிமணிகளோடு ஒரு நீண்ட அட்டைப்பெட்டியும் வந்து இறங்கியது. உள்ளே நகத்தால் கீறினாலே பள்ளம் விழும் மெல்லிய பால்சா மரத்துண்டுகள். பேரையூரில் எங்கள் வீட்டு முற்றத்தில் ஒரு விடுமுறை முழுவதும் உட்கார்ந்து அவற்றை ஒன்றோடொன்று ஒட்டினார். இறக்கையின் நீளம் ஐந்தடிக்குச் சற்று மேல். மொத்த எடை ஏறத்தாழ 2.4 கிலோ; மூக்கில் 6.5 சி.சி. எஞ்சின். 2008ஆம் ஆண்டுக் கோடையில், வறண்டு கிடந்த கண்மாயில் அதை முதன்முதலாகப் பறக்கவிட்டபோது ஊரே கரையில் திரண்டது. மேற்கே சாப்டூர் மலையை நோக்கி அது இரைந்துகொண்டு ஏறியதையும், அது போன வழியெல்லாம் ஆமணக்கெண்ணெய் கருகிய வாடை வீசியதையும் பார்த்தவர்கள் இன்றும் சொல்லுவார்கள்.

2016இல் மச்சான் பணியிடத்திலேயே மாரடைப்பால் வஃபாத்தானார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். ஜனாஸாவும் அந்த மண்ணிலேயே அடக்கமாயிற்று. அவருடைய ஒரே மகனுக்கு அப்போது ஐந்து வயது. தகப்பனின் கபுரைப் பார்த்துக் கையேந்தவும் வாய்க்காத பிள்ளை. வீட்டில் அவனுக்கு நான் மாமா, மதரஸாவில் ஹஜ்ரத். பரண்மேல் பழைய புடவையால் சுற்றிக் கிடந்த அந்த விமானத்தை, பதினான்கு வயதில் அவனே இறக்கினான். “மாமா, இதைப் பறக்க வைக்கலாமா?” என்று கேட்டான். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால், பழைய எஞ்சினை ஓட்டுவது எளிதன்று. அது பெட்ரோலில் ஓடுவதில்லை. அதன் எரிபொருளில் நூற்றுக்கு எழுபது பங்குக்கு மேல் மெத்தனால். மிகுதி, எஞ்சினுக்கு வழுவழுப்புத் தரும் எண்ணெயும், கொஞ்சம் நைட்ரோமீத்தேனும். எஞ்சினின் தலையில் பிளாட்டினக் கம்பிச் சுருள் ஒன்று இருக்கிறது. தொடங்கும்போது மட்டும் மின்கலத்தால் அதைச் சூடாக்கிவிட்டால் போதும். பிறகு மெத்தனாலோடு சேர்ந்து அது தானே கனன்றுகொண்டிருக்கும். அருமையான ஏற்பாடுதான். ஆனால் மெத்தனால் கொடிய நஞ்சு. கொஞ்சம் வயிற்றுக்குள் போனாலும் கண்பார்வை போகும். சற்று மிகுந்தால் உயிரே போகும். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டதை நாம் மறந்துவிடவில்லை. அக்காள் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: “சின்னப் பிள்ளைக நடமாடுற வீடு. அந்தத் தண்ணி நம்ம வாசப்படி ஏறக்கூடாது.” அது சரியான தீர்ப்பு. எஞ்சினை எடுத்துவிட்டு மோட்டாரைப் பொருத்துவது என்று முடிவாயிற்று.

மின்சாரத்தால் சிறு விமானங்களைப் பறக்கவிடுவது நேற்று வந்த புதுமை என்று நான் எண்ணியிருந்தேன். அப்படியன்று. 1957 ஜூன் 30ஆம் நாள் இங்கிலாந்தில் கர்னல் டாப்ளின் என்பவர் ‘ரேடியோ குயின்’ என்ற மாதிரி விமானத்தை மின்மோட்டாரால் பறக்கவிட்டிருக்கிறார். அதற்கு அவர் பயன்படுத்தியது வெள்ளியும் துத்தநாகமும் கொண்ட மின்கலம். எனினும் அந்த வழி பரவுவதற்குப் பல்லாண்டுகள் ஆயின. மின்கலத்தின் கனமே காரணம். எண்ணெய் எரிய எரியக் குறையும். மின்கலமோ தீர்ந்த பின்னும் அதே எடை. லித்தியம் மின்கலம் வந்த பிறகே நிலைமை மாறியது. அதை உருவாக்கியதற்காக 2019இல் மூவருக்கு வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அந்த மின்கலத்தில் லித்தியத்தை ஏந்திக்கொள்ளும் கிராஃபைட் பக்கத்திற்கு வழிகாட்டியவர், மொராக்கோவின் ஃபெஸ் நகரில் பிறந்த ரஷீத் யஸமி. 2014இல் பொறியியலுக்கான டிரேப்பர் பரிசு பெற்ற நால்வரில் அவரும் ஒருவர். நம் சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசிக்குள்ளும் அவருடைய உழைப்பு இருக்கிறது என்பதை நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லியிருக்கிறோமா?

எங்கள் வட்டாரத்திற்கும் இந்த மாற்றம் புதிதன்று. கிணற்று மேட்டில் ஆயில் எஞ்சின் தடதடத்த காலம் போய், மின் மோட்டார் வந்ததை எங்கள் பெரியவர்கள் கண்டிருக்கிறார்கள். ஆகவே மோட்டாரைத் தூக்கிக்கொண்டு, ஊரில் பம்ப்செட் மோட்டார்களுக்குக் காயில் கட்டும் அண்ணனிடம் போனோம். உள்ளங்கையில் அடங்கும் அந்த மோட்டாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதிலிருந்து மூன்று ஒயர்கள் வந்தன. “இது நம்ம திரீ ஃபேஸ் மோட்டாரோட பேரப்பிள்ளை” என்றார். கிணற்று மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றினால் மூன்றில் ஏதேனும் இரண்டு ஒயர்களை மாற்றிப் போடுவார்கள் அல்லவா? இதற்கும் அதே வைத்தியம்தான் என்று சொல்லிச் செய்தும் காட்டினார். அஞ்சலில் வந்த ஆங்கிலக் கையேடு எனக்கு விளக்காததை அவருடைய ஒரு வாக்கியம் விளக்கிவிட்டது.

பிறகு கணக்கு. பழகுவோர் ஓட்டும் விமானத்திற்கு ஒரு கிலோ எடைக்கு ஏறத்தாழ 220 வாட் தேவை என்பது பொதுவான அளவுகோல். 2.4 கிலோவுக்கு ஏறத்தாழ 530 வாட். அதாவது, முக்கால் குதிரைத்திறனுக்கும் சற்றுக் குறைவு. நான்கு அறைகள் கொண்ட லித்தியம் மின்கலம் 14.8 வோல்ட் தரும். 35 ஆம்பியர் இழுத்தால் 518 வாட் கிடைக்கும். போதும். நடுவே, வேகத்தைக் கூட்டிக் குறைக்க 60 ஆம்பியர் தாங்கும் கட்டுப்பாட்டுக் கருவி. எஞ்சின் வேகமாகச் சுற்றிய பத்து அங்குல விசிறிக்குப் பதில், மோட்டார் நிதானமாகச் சுற்றும் பதினோரு அங்குல விசிறி. மின்கலத்தின் கொள்ளளவு 4000 மில்லி ஆம்பியர் மணி. மிதமாக ஓட்டினால் எட்டு நிமிடம் பறந்து, கொஞ்சம் மிச்சம் வைத்து இறங்கலாம். சார்ஜரையும் சேர்த்து எல்லாமாக ஏறத்தாழ 11,000 ரூபாய் ஆயிற்று. பாதி, பிள்ளை சேர்த்துவைத்திருந்த பெருநாள் காசு, பாதி என்னுடையது. “இது இஸ்ராஃப் இல்லையா தம்பி?” என்று அக்காள் கேட்டார். வீண்விரயம் ஆகாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு என்று வீராப்பாகச் சொன்னேன்.

இனிமேல்தான் என் பிழை தொடங்குகிறது.

எஞ்சின், சைலன்சரோடு 450 கிராம் இருந்தது. புதிய மோட்டார் 270 கிராம். ஆக, மூக்கின் நுனியில் 180 கிராம் குறைந்துவிட்டது. மின்கலம் மட்டுமே 420 கிராம். அதை எங்கே வைப்பது? பழைய எண்ணெய் டாங்க் இருந்த முன்னறைதான் பொருத்தமான இடம். ஆனால் மின்கலம் நீளமாக இருந்தது. இடையில் இருந்த குறுக்குப் பலகையில் ஒரு சதுரம் வெட்டினால்தான் உள்ளே நுழையும். பையன் பிளேடை எடுத்தான். நான் அவன் கையைப் பிடித்தேன். “உன் அத்தா ஒட்டியதையா வெட்டுகிறாய்? அவர் கையால் செய்தது இதுதானே மிச்சம்?” என்றேன். அவன் முகம் வாடியது. பிளேடைக் கீழே வைத்துவிட்டான். மின்கலத்தை இறக்கைக்கு நேர் கீழே, இடம் தாராளமாக இருந்த நடு அறையில் நானே பட்டை போட்டுக் கட்டினேன். பலசரக்குக் கடைத் தராசில் நிறுத்தும் பார்த்தேன். முன்பு டாங்க் நிறைய எண்ணெயோடு இருந்த எடையைவிடக் கூடவில்லை. என் மனம் நிறைந்தது.

மே மாதத்தில் ஒரு நாள், ஃபஜ்ர் தொழுகை முடிந்து காற்று எழும்பும் முன்னே கண்மாய்க்குப் போனோம். மதரஸாப் பிள்ளைகளும் உடன் வந்தனர். மச்சானிடம் சில நாட்கள் பழகியவன் என்ற தகுதியில் ரேடியோ பெட்டி என் கையில் இருந்தது. அப்போது பையன் விமானத்தின் இறக்கைக்கு அடியில் இரண்டு விரல்களை வைத்துத் தூக்கிப் பார்த்தான். அங்கே இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாக இரண்டு சிறிய பென்சில் கோடுகள் இருந்தன. “மாமா, அத்தா போட்ட கோட்டுல விரலை வச்சா வால் தாழுது” என்றான்.

அத்தனை பிள்ளைகள் நடுவில் ஹஜ்ரத்துக்கு ஒரு சிறுவன் பிழை சொல்லுவதா? “மொத்த எடையை நிறுத்தாயிற்று. நீ பேசாமல் தள்ளி நில்” என்று அதட்டினேன்.

விமானம் ஓடியது, எழுந்தது. எழுந்தது நிற்கவில்லை. மூக்கைத் தூக்கிக்கொண்டு மேலும் மேலும் செங்குத்தாயிற்று. நான் குச்சியை முன்னே தள்ளத் தள்ள, ஒருமுறை தலை குனிந்து, மறுமுறை இன்னும் அதிகமாக நிமிர்ந்தது. பனை உயரத்தில் ஒரு கணம் அசைவற்று நின்று, இடது இறக்கை சாய்ந்து, கரிசல் கட்டிமேல் குத்தி விழுந்தது. எஞ்சினாக இருந்தால் விழுந்ததும் நின்றிருக்கும். மோட்டாரோ, நான் பதற்றத்தில் வேகத்தைக் குறைக்க மறந்ததால், உடைந்த விசிறியோடு மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. பையன்தான் என் கையிலிருந்த பெட்டியின் குச்சியைக் கீழே இழுத்து அதை நிறுத்தினான். ஒரு வார்த்தை பேசவில்லை. சிதறிய துண்டுகளைக் கைலியில் பொறுக்கிக்கொண்டான். அவனுடைய அந்த மௌனம்தான் என்னைச் சுட்டது.

அன்றிரவு எனக்கு உறக்கமில்லை. என்ன நடந்தது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். விமானத்திற்கு முக்கியம் மொத்த எடை மட்டுமன்று. அந்த எடை எந்தப் புள்ளியில் சமன்படுகிறது என்பதும்தான். அந்தப் புள்ளி பொதுவாக இறக்கையின் முன்விளிம்பிலிருந்து, அதன் அகலத்தில் கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையே அமைய வேண்டும். மூக்கில் 180 கிராம் குறைந்தது, அந்தப் புள்ளியிலிருந்து 25 சென்டிமீட்டர் தொலைவில். அதை ஈடுகட்டும் எடையை முன்னே வைக்காமல் நடுவே வைத்ததால், 2.4 கிலோ விமானத்தின் சமன்புள்ளி ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் பின்னே நகர்ந்துவிட்டது. ஒரு விரற்கடை! மச்சான் பென்சிலால் போட்டிருந்த கோடு அந்தப் புள்ளியைத்தான் குறித்தது. அவர் ஒட்டிய பலகையைப் பேணினேன்; அவர் போட்ட கோட்டைப் பார்க்க மறுத்தேன்.

மதரஸாவில் நான் பெருமையோடு சொல்லும் கதை ஒன்று உண்டு. 9ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டின் கொர்டோவாவில் வாழ்ந்த அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸ், உடலில் இறகுகளைப் பூட்டிக்கொண்டு உயரத்திலிருந்து பாய்ந்து காற்றில் மிதந்த கதை. 17ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் அல்மக்கரீ அதைப் பதிவு செய்திருக்கிறார். பறந்தவர் இறங்கும்போது முதுகில் அடிபட்டதையும், பறவை வாலைக்கொண்டே இறங்குகிறது என்பதை அவர் கவனியாமல் விட்டதையும் அதே குறிப்புச் சொல்லுகிறது. நான் எப்போதும் பறந்ததைச் சொல்லுவேன். வாலைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிடுவேன். வரலாறு படித்தவன் செய்யும் காரியமா இது? முன்னோரைப் போற்றுவது என்றால் அவர்களுடைய வெற்றியை மட்டும் எடுத்து மாலை சூட்டுவதன்று. அவர்கள் விட்டுச்சென்ற கணக்கையும் கைக்கொள்வதே ஆகும். மீஸான் என்ற சொல்லுக்குத் தராசு என்று எத்தனை முறை பொருள் சொல்லியிருப்பேன்! தராசில் எடை மட்டும் இல்லை, நடுமுள்ளும் இருக்கிறது என்பதை ஒரு பதினான்கு வயதுப் பிள்ளை எனக்குக் கற்றுத் தந்தான்.

மறுநாள் மதரஸாவில், அவனை அதட்டியபோது இருந்த அதே பிள்ளைகளின் முன்னால், “நேற்று அவன் சொன்னது சரி; நான் சொன்னது பிழை. அவனை அதட்டியது அதைவிடப் பெரிய பிழை” என்றேன். சொல்லும்வரை மலையாகத் தெரிந்தது, சொன்ன பின் கடுகாகிவிட்டது. அவன் தலைகுனிந்து சிரித்தான். பிறகு மெல்லக் கேட்டான்: “மாமா, இப்ப அந்தப் பலகைய வெட்டலாமா?”

அவனே வெட்டினான். முறிந்த மூக்கை ஒட்டிக் காய வைத்தோம். மின்கலம் முன்னறைக்குள் போய் முன்பலகையைத் தொட்டு நின்றது. விரல்களைக் கோட்டில் வைத்துத் தூக்கினால், விமானம் தொழுகை வரிசை போல மட்டமாக நின்றது. இம்முறை என்.சி.சி. விமானப் பிரிவில் மாதிரி விமானம் செய்து பழகிய ஒரு கல்லூரி இளைஞரையும் வரவழைத்துக்கொண்டோம். அவர் அருகில் நிற்க, பையனே பறக்கவிட்டான். ஆடி மேல்காற்று தொடங்கும் முன்னர் ஓர் அதிகாலை அது. விமானம் எழுந்தது, சமமாகத் திரும்பியது, எங்கள் தலைக்கு மேலே ஒரு மெல்லிய முணுமுணுப்போடு போயிற்று. கண்மாய்க் கரையில் முக்காட்டை இழுத்துப் பிடித்தபடி நின்ற அக்காள் நெடுநேரம் அண்ணாந்து பார்த்தார். “அவங்க விட்டப்ப ஊரே முழிச்சிக்கிச்சு. இது தஹஜ்ஜுத்துக்கு எந்திரிச்சவங்க மாதிரி சத்தமில்லாமப் போகுது” என்றார். பிறகு முக்காட்டின் முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இத்தகைய ஆசை உள்ள பிள்ளை உங்கள் வீட்டிலும் இருக்கலாம். இருந்தால் சில சொற்கள். லித்தியம் மின்கலத்தை ஆளில்லாத நேரத்தில் சார்ஜில் போடாதீர்கள். அடிபட்டாலோ உப்பினாலோ அது தீப்பற்றும். பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும். மேசையில் வைத்து மோட்டாரைச் சோதிக்கும்போது விசிறியைக் கழற்றிவிடுங்கள். மின்கலம் இணைத்த மோட்டார் சும்மா இருப்பதுபோல் தோன்றும், ஆனால் தூங்குவதில்லை. 2021இல் வந்த ட்ரோன் விதிகளின்படி, பொழுதுபோக்கு மாதிரி விமானம் ஓட்டுபவரின் கண்பார்வைக்குள்ளேயே பறக்க வேண்டும். தடைசெய்யப்பட்ட பகுதியா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். வீடுகளுக்கும் ஆடுமாடுகளுக்கும் மேலே பறக்கவிடாதீர்கள்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அபூ உமைர் என்ற சிறுவரின் சின்னஞ்சிறு பறவையைப் பற்றி அன்போடு விசாரித்த செய்தி நமக்குத் தெரியும். பிள்ளையின் விளையாட்டைப் பெரியவர் ஒருவர் பொருட்படுத்திக் கேட்பது எவ்வளவு பெரிய காரியம் என்பது அந்த நிகழ்ச்சியில் இருக்கிறது. இராமேஸ்வரத்தில் பிறந்து, சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் படித்த அப்துல் கலாம் அவர்களைப் பற்றி நம் மேடைகளில் ஓயாமல் பேசுகிறோம். என் அக்காள் மகனும் அங்கே படிக்க வேண்டும் என்கிறான். அது அல்லாஹ்வின் நாட்டம். நம்மால் ஆவது, பிள்ளை விரலை வைத்துத் தூக்கிப் பார்த்து “வால் தாழுது” என்று சொல்லும்போது காது கொடுப்பது மட்டுமே.

பழைய எஞ்சின் இப்போது எங்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. மாதம் ஒருமுறை அவன் அதில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுக் கையால் சுற்றிவிட்டு வைக்கிறான். இறக்கையின் அடியில் இருந்த பென்சில் கோடுகள் மங்கத் தொடங்கியிருந்தன. சென்ற வாரம் பார்த்தேன்: அளவு மாறாமல் அவற்றின் மேலேயே பேனாவால் அழுத்தமாகக் கோடு போட்டிருக்கிறான்.

தகப்பனை இழந்த பிள்ளைகள் அனைவருக்கும் வல்ல ரஹ்மான் நல்ல வழியைத் திறந்து வைப்பானாக! அவர்களை வளர்க்கும் நமக்கு, அதட்டும் முன் கேட்கும் பொறுமையைத் தந்தருள்வானாக! ஆமீன்.